கோல் பிடித்த கை மாற வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் முறையைப் புதிதாகக் கற்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கோலைத் தேர்ந்தெடுப்பது, கயிற்றின் எடையைக் கோலுக்குப் பொருத்துவது, வீசுவது ஆகியவற்றை அக்கட்டுரை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால், வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலக்கையால் வீசி, மீன் சிக்கியதும் கோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையாலேயே ரீலைச் சுற்ற வேண்டும் என்றும், அதுவே சரியான முறை என்றும் ஒரே வரியில் சொல்லி முடித்திருந்ததை மட்டும் ஏற்க முடியவில்லை. காரணம் எதுவும் சொல்லாமல் விதி போல எழுதப்பட்ட அந்த வரியை நம்பி ஒரு புதியவர் ரீலில் கயிற்றைச் சுற்றிவிட்டால், அவர் கை அந்தப் பழக்கத்திலேயே ஊறிவிடும். பிறகு மாற்றிக்கொள்வது எளிதல்ல. ஆகவே இதைச் சற்று விரிவாக எழுதுவதற்குத் தங்கள் பகுதியில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கையால் வீசுகிறோமோ அந்தக் கையிலேயே கோல் கடைசி வரை இருக்க வேண்டும்; கயிற்றைக் கையாளும் மற்றொரு கைதான் ரீலையும் சுற்ற வேண்டும். வலக்கையால் வீசுபவர் இடக்கையால் சுற்றட்டும், இடக்கையால் வீசுபவர் வலக்கையால் சுற்றட்டும். இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் விலக்கை விதியாக்கிப் புதியவர்களுக்குக் கற்பிப்பது சரியல்ல.

மற்றத் தூண்டில் முறைகளில் எறியப்படுவது ஈயக்குண்டோ இரையோதான். நரம்பு அதன் பின்னால் இழுபட்டுச் செல்லும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டிய ஈக்கு எடையே இல்லை என்று சொல்லிவிடலாம். கனமான கயிறுதான் வீசப்படுகிறது. ஈ அதைத் தொடர்ந்து போகிறது. இதனால் இரண்டு கைகளுக்கும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வேலை பிரிந்துவிடுகிறது. ஒரு கை கோலை ஆள்கிறது. மற்றக் கை கயிற்றை இழுக்கிறது, விடுகிறது, தண்ணீரில் தொய்வு விழாமல் அடி அடியாகச் சேர்க்கிறது. ரீல் இவ்வளவு நேரமும் சும்மாவே இருக்கிறது. சிறிய ஓடையில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் சிக்கும் நடுத்தர டிரவுட் மீனைக் கரைக்குக் கொண்டுவர ரீலைத் தொடவே தேவையில்லை. கையால் கயிற்றை இழுத்தே வலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஜப்பானியரின் டென்காரா முறையில் ரீலே கிடையாது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. ரீல் எப்போது வேலைக்கு வருகிறது என்று தெரிந்தால்தான் அதை எந்தக் கையால் சுற்றுவது என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும்.

அது வேலைக்கு வரும் நேரத்தை நெருங்கிப் பார்ப்போம். ஈயை மீன் கவ்வியதும் கோல் மேலே எழுகிறது, முள் பதிகிறது. அந்தக் கணத்தில் கயிறு கோல் பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கும் கோலின் தக்கைப் பிடிக்கும் நடுவே அழுந்தியிருக்கிறது. அதற்குப் பின்னால், ஏற்கெனவே இழுத்துச் சேர்த்த கயிறு ஐந்தாறு வளையங்களாகக் காலடியிலோ தண்ணீரின் மேலோ கிடக்கிறது. மீன் பெரியதாக இருந்து ஓடத் தொடங்கினால் இந்த வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து கயிறு செல்வதற்காகக் கோலில் பொருத்திய சிறு வளையங்களுக்குள் பாய்கின்றன. ஒரு வளையம் ரீலின் கைப்பிடியிலோ கோலின் அடிமுனையிலோ, சட்டைப் பொத்தானிலோ மாட்டினால் போதும், கயிற்றின் நுனியில் கட்டிய மெல்லிய தங்கூசி பட்டென்று அறுந்துவிடும். ஆகவே இடக்கையின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, அதன் வழியே கயிற்றை விட்டுக்கொண்டே, கண்ணை மீன் மேல் வைக்காமல் கயிற்றின் மேல் வைத்திருக்க வேண்டும். கடைசி வளையமும் ஏறிக் கயிறு நேரே ரீலில் இழுபடும்போதுதான் நெருக்கடி முடிகிறது.

இப்போது இடக்கை எங்கே இருக்கிறது? ரீலுக்கு ஒரு சாண் தூரத்தில், வேலை முடிந்து, வெறுமையாக. கைப்பிடியும் இடப்பக்கமே இருந்தால் அந்தக் கை தானாக அங்கே போய்ச் சேர்கிறது. வலக்கைக்கு மாற்றம் எதுவும் இல்லை. கோலின் வளைவு குறையவில்லை. மீனின் வாயில் உள்ள முள் தளரவில்லை. கட்டுரை சொல்லும் முறைப்படி கைப்பிடி வலப்பக்கம் இருந்தாலோ, இதே நேரத்தில் வலக்கையில் உள்ள கோலை இடக்கை வாங்க வேண்டும், வலக்கை விடுபட்டுக் கீழே இறங்கிக் கைப்பிடியைத் தேட வேண்டும், கயிற்றை அழுத்தியிருந்த விரல் மாற வேண்டும். பழகியவர்கள் இதை நொடிப் பொழுதில் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு நொடியில் மீன் திரும்பி நம்மை நோக்கி வந்தால் கயிறு தொய்ந்துவிடும். மீன்களை உயிரோடு திருப்பி விடுவதற்காக எதிர்முள் இல்லாத முள்ளைப் பயன்படுத்துவோர் இன்று ஏராளம். பல நீர்நிலைகளில் அது விதியாகவே இருக்கிறது. அத்தகைய முள்ளை மீனின் வாயில் நிறுத்தி வைப்பது இறுக்கம் ஒன்றே. தொய்வு விழுந்தால் முள் நழுவிவிடும்.

இதற்கு மறுதரப்பில் ஒரு நல்ல பதில் உண்டு. பெரிய மீன் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கயிறு எப்படியும் இறுக்கமாகத்தான் இருக்கும், அப்போது கையை மாற்றினால் தொய்வு விழாது. சிறிய மீனுக்கோ ரீலே தேவையில்லை. எனவே கை மாற்றுவதால் வரும் ஆபத்து சொல்லப்படும் அளவுக்குப் பெரியதல்ல என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓடையிலும் ஏரியிலும் நம் தூண்டிலில் சிக்கும் மீன்களில் பல இந்த இரண்டு வகையிலும் சேராதவை. அவை சற்று ஓடும், நிற்கும், தலையை உதறும், மீண்டும் நம்மை நோக்கி வரும். கையால் இழுப்பதா ரீலுக்குப் போவதா என்று நாமே தயங்கும் அளவுள்ள மீன்கள் அவை. கை மாற்றுபவர் அவற்றில்தான் இழக்கிறார்.

கோல் பிடித்த கைக்கு மீன் சிக்கிய பிறகும் நுட்பமான வேலை இருக்கிறது என்பதையும் கட்டுரை கவனிக்கவில்லை. மீன் இடப்புறம் ஓடினால் கோலை வலப்புறம் சாய்க்க வேண்டும். பாறைக்கோ வேருக்கோ அடியில் நுழையப் பார்த்தால் பக்கவாட்டில் அழுத்தம் கொடுத்துத் திருப்ப வேண்டும். துள்ளி எழுந்தால் கோலின் நுனியை உடனே தாழ்த்தித் தங்கூசியைக் காப்பாற்ற வேண்டும். இவற்றோடு, ரீலுக்குள் திரும்பி வரும் கயிறு உருளையின் ஒரே ஓரத்தில் குவியாமல் இருக்க, கோல் பிடித்த கையின் சுண்டு விரலால் கயிற்றை இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்திப் பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குவிந்தால் கயிறு ரீலின் சட்டத்தில் உரசி நின்றுவிடும். அடுத்த ஓட்டத்தில் மீன் போய்விடும். இத்தனையும் செய்ய வேண்டிய கை எது? நாள் முழுவதும் அந்தக் கோலோடு பழகி, அதன் அதிர்வை அறிந்த கையா, அல்லது மீன் சிக்கிய பிறகே அதை முதல்முறையாகத் தொடும் கையா? கைப்பிடியைச் சுற்றுவது ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலை. திறமையான கையைச் சுற்றுவதற்கு அனுப்பிவிட்டு, பழகாத கையிடம் கோலைக் கொடுப்பது எனக்குத் தலைகீழாகப் படுகிறது. வயலின் வாசிப்பவரின் இடக்கை விரல்கள் எவ்வளவு நுட்பமாக இயங்குகின்றன என்று பார்த்தவர்கள், பழகாத கை ஒரு கைப்பிடியைச் சுற்றக்கூடக் கற்றுக்கொள்ளாது என்று சொல்ல மாட்டார்கள்.

இனி, வேகம். வலக்கைச் சுற்றை ஆதரிப்பவர்களின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. மற்றத் தூண்டில் முறைகளில் பயன்படும் சாதாரண ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உள்ளே சுழலும் பகுதி ஐந்து ஆறு முறை சுற்றும். ஃப்ளை ரீல்களில் பெரும்பாலானவற்றில் அப்படிப் பற்சக்கரம் கிடையாது. கைப்பிடி ஒரு சுற்று என்றால் உருளையும் ஒரு சுற்றுதான். கயிறு நிறைந்த நிலையில் உருளையின் விட்டம் 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் கயிறு உள்ளே வரும். கயிறு வெளியேற வெளியேற விட்டம் சுருங்கும். 6 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் ஒரு சுற்றுக்கு 19 சென்டிமீட்டர்கூட வராது. வெப்பக் கடலின் ஆழமற்ற மணல் திட்டுகளில் திரியும் போன்ஃபிஷ் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர் கயிற்றை இழுத்துச் செல்லக்கூடியது. ஃப்ளை கயிற்றின் நீளமே 27 முதல் 30 மீட்டர் வரைதான்; மீதி முழுவதும் அதற்கு அடியில் சுற்றி வைத்த மெல்லிய அடிக்கயிறு. அந்த 100 மீட்டரையும் திரும்பச் சுற்ற, சுற்றுக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர் என்று கொண்டாலும் 400 சுற்றுகள் வேண்டும். நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். மீனோ சட்டென்று திரும்பி நம்மை நோக்கியே பாய்ந்து வரக்கூடும். இந்த நிலையில் பழகாத கை தளர்ந்துவிடும், வேகம் குறையும், கயிறு தொய்யும். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஃப்ளை ஃபிஷிங் ஆசான் லெஃப்டி கிரே, 2018இல் மறையும் வரை பல தலைமுறைகளுக்கு இக்கலையைக் கற்பித்தவர், பலமான கையால்தான் சுற்ற வேண்டும் என்று சொன்னதற்கு இந்த வேகமும் தளராமையுமே காரணம். கடல்மீன்களோடு வாழ்நாள் முழுவதும் பழகியவரின் சொல் அது. டார்ப்பன், போன்ஃபிஷ் போன்றவற்றைத் தேடிச் செல்பவர் அதை மதித்தே தீர வேண்டும். வீசி வீசிக் களைத்த தோளுக்கு, நீண்ட போராட்டத்தின்போது கோலை மற்றக் கைக்கு மாற்றுவது ஓய்வாகவும் இருக்கும்.

ஆனால் தங்கள் கட்டுரை எழுதப்பட்டது யாருக்காக? ஓடையிலோ குளத்திலோ முதல் மீனைப் பிடிக்கக் கற்கும் ஒருவருக்காக. 100 மீட்டர் ஓடும் மீன் அவர் தூண்டிலில் சிக்கப் போவது அரிது. சிக்கினாலும், லார்ஜ் ஆர்பர் எனப்படும் நடு உருளை பருத்த ரீல்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. அடிக்கயிறு வெளியே போன பிறகும் அவற்றின் விட்டம் அதிகம் சுருங்காது என்பதால் சுற்றும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். கையின் குறையில் ஒரு பகுதியைக் கருவி ஈடுசெய்துவிட்டது.

பழகாத கையால் சுற்றும்போது கோலின் நுனி ஆடும் என்ற குறையையும் அடிக்கடி கேட்கிறோம். ஆடுவது உண்மை. தோளிலிருந்து முழுக் கையையும் ஆட்டிச் சுற்றுவதால்தான் அது வருகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கோலின் அடிமுனையை வயிற்றின் மேல் லேசாகச் சார்த்தி, மணிக்கட்டும் முன்கையும் மட்டும் அசையுமாறு சுற்றினால் ஆட்டம் அடங்கிவிடும். இது ஒரு மாலையில் வந்துவிடாது. சில வாரங்களில் வந்துவிடும்.

இரண்டு கைகளாலும் பிடித்து வீசும் நீளமான சால்மன் கோல்களை இந்த வாதத்தில் நான் சேர்க்கவில்லை. ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறோம், காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதைப் பொறுத்து மேல் கை எது, கீழ்க் கை எது என்பதே அங்கே மாறும். அவர்கள் தங்களுக்கு வசதியான கையால் சுற்றிக்கொள்ளட்டும். முழங்கையிலோ தோளிலோ வலி உள்ளவர்களும் மருத்துவர் சொற்படி செய்ய வேண்டியவர்களே.

வலக்கையால் சுற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது ஆராய்ந்து எடுத்த முடிவாகத் தெரியவில்லை. 1874இல் அமெரிக்காவின் சார்லஸ் ஆர்விஸ் காப்புரிமை பெற்ற, பக்கங்களில் துளையிட்ட, அகலம் குறைந்த ரீல்தான் இன்றைய ஃப்ளை ரீலின் வடிவத்துக்கு முன்னோடி. அதற்குப் பின் வெகுகாலம் வரை, ரீல்கள் பெரும்பாலும் வலக்கைச் சுற்றுக்கென்றே செய்யப்பட்டன. கயிறு உரசாமல் இருக்கப் பொருத்திய காப்புக் கம்பியும், கடகடவென ஒலி எழுப்பித் தடை தரும் பல்லும் ஒரு பக்கத்துக்கு ஏற்றவாறு அமைந்திருந்தன. கிடைத்த ரீலுக்கு ஏற்பக் கை பழகியது. பழகிய கை அடுத்தவருக்குக் கற்பித்தது. குறுக்கு உருளை கொண்ட பெய்ட்காஸ்டிங் ரீல்களிலும் இதே நிலைதான் வெகுகாலம் இருந்தது. ஸ்பின்னிங் ரீல்களில் மட்டும் கைப்பிடி பெரும்பாலும் இடப்பக்கம் வருகிறது, அதில் பழகியவர்கள் யாரும் கோலை மாற்றுவதில்லை. வலக்கையால் எறிந்து இடக்கையால் சுற்றிப் பழகிய அத்தகைய ஒருவர் ஃப்ளை ஃபிஷிங்குக்கு வரும்போது, ஏற்கெனவே இருக்கும் நல்ல பழக்கத்தைக் கைவிடச் சொல்வது என்ன நியாயம்?

இன்றைய ரீல்களில் பெரும்பாலானவற்றை எந்தக் கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே. உருளையைக் கழற்றினால் நடுத்தண்டிலோ உருளையின் உட்பக்கத்திலோ ஒரு சிறிய ஒருவழி பேரிங் இருக்கும். ஒரு திசையில் தடையின்றிச் சுழன்று மறு திசையில் பிடித்துக்கொள்ளும் பேரிங் அது. அதைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மீண்டும் பொருத்தினால், மீன் கயிற்றை இழுக்கும்போது உருளையைப் பிடித்து நிறுத்தும் தடை வேலை செய்யும் திசை மாறிவிடும். சில ரீல்களில் பேரிங்குக்குப் பதிலாகச் சிறிய பற்களைத் திருப்ப வேண்டியிருக்கும். எதுவானாலும் ரீலோடு வரும் கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். அத்தோடு வேலை முடியவில்லை. கயிறு, அடிக்கயிறு இரண்டையும் முழுவதுமாக வெளியே எடுத்து எதிர்த் திசையில் மீண்டும் சுற்ற வேண்டும். அடிக்கயிற்றைச் சுற்றும்போது விரல்களால் அழுத்தம் கொடுத்து இறுக்கமாகச் சுற்றுவது முக்கியம். தளர்வாகச் சுற்றினால், மீன் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கு நடுவே புதைந்து சிக்கிக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் ரீலைக் கோலில் பொருத்திப் பார்த்தால், கயிறு உருளையின் அடிப்பக்கத்திலிருந்து முதல் வளையத்துக்குச் செல்ல வேண்டும். கயிற்றைக் கையால் இழுத்தால் தடை தெரிய வேண்டும், கைப்பிடியைச் சுற்றினால் லேசாகச் சுழல வேண்டும். மாறாக, சுற்றும்போது கனமாகவும் இழுக்கும்போது லேசாகவும் இருந்தால், கயிற்றைத் திருப்பிச் சுற்றிவிட்டுப் பேரிங்கைத் திருப்ப மறந்துவிட்டோம் என்று பொருள். கடையில் கயிறு சுற்றித் தருபவரிடம் எந்தக் கை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையே வராது. அதனால்தான் இந்த முடிவை முதலில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. வலக்கை வாசகர்களுக்கு எழுதியதைக் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பிப் படித்துக்கொள்ளட்டும் என்று அவர்களை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இப்போது வரும் ரீல்கள் பல, வலக்கையால் வீசி இடக்கையால் சுற்றுபவருக்கு ஏற்றவாறே ஆலையிலிருந்து வருகின்றன. இடக்கையால் வீசுபவர் அதை அப்படியே பயன்படுத்தத் தொடங்கினால், அவருக்குத் தெரியாமலேயே கோலை மாற்றும் பழக்கத்துக்குள் தள்ளப்படுகிறார். அவர்களுக்குத்தான் மேலே சொன்ன பேரிங் விவரம் மிகவும் தேவைப்படும்.

எந்த முடிவையும் தண்ணீரில் இறங்குவதற்கு முன் தரையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். திறந்த புல்வெளியில் கயிறு முழுவதையும் அடிக்கயிற்றில் சிறிது நீளத்தையும் வெளியே விட்டு, நுனியை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவர் சற்றே இழுத்துப் பிடித்தபடி நம்மை நோக்கி நடந்து வரச் சொல்ல வேண்டும். மாற்றக்கூடிய ரீல் இரண்டு கிடைத்தால் ஒன்றை வலக்கைக்கும் மற்றொன்றை இடக்கைக்கும் அமைத்து இரண்டிலும் சுற்றிப் பார்க்கலாம். வேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. கோலின் நுனி ஆடுகிறதா, கயிறு உருளையில் பரவி உட்காருகிறதா, நண்பர் திடீரென்று இழுத்துக்கொண்டு ஓடினால் கை உடனே கைப்பிடியை விடுகிறதா என்பனவற்றையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பெரும்பாலான ஃப்ளை ரீல்களில் மீன் கயிற்றை இழுக்கும்போது கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். விடாமல் பிடித்தால் தங்கூசி அறும், தாமதமாக விட்டால் விரல் முட்டிகளில் அடி விழும். இத்தனையும் பார்த்த பிறகும் ஒருவருக்குப் பலமான கையால் சுற்றுவதே இயல்பாக இருந்தால் அவர் அப்படியே செய்யட்டும். அது அவர் சோதித்து எடுத்த முடிவு.

தங்கள் நாளிதழ் இத்தொடரின் அடுத்த பகுதியை வெளியிடும்போது, கை மாற்றும் முறையே சரியானது என்ற வரியைத் திருத்தி, வீசும் கையிலேயே கோலை வைத்திருப்பதைப் புதியவர்களுக்கான முதல் வழியாகச் சொல்லுமாறு வேண்டுகிறேன். பேரிங்கைத் திருப்பும் முறையை, இடக்கை வாசகர்களுக்கும் புரியும்படி, இரு பக்கமும் காட்டும் படத்தோடு வெளியிட்டால் மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்